முதலில் தன்குத்தம்

செம்மநத்தத்து அங்கப்பனுக்கு வலது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் 1972-ஆம் வருஷம் ஒரு சாமைக் காட்டில் விழுந்தன. விழுந்ததை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடலாம் என்று அன்றைக்கு அங்கே நின்ற யாருக்கும் தோன்றவில்லை. ஒருத்தன் மண்டையை ஒருத்தன் பிளப்பதிலேயே எல்லோருக்கும் கவனம்.

பக்கத்துக் காட்டுச் சின்னையனின் காளை அங்கப்பனின் சாமையில் இறங்கி மேய்ந்தது. அங்கப்பன் ஒரு தடவை சொன்னான், இரண்டு தடவை சொன்னான். மூன்றாம் தடவை சொல்லவில்லை. கடப்பாரையை எடுத்துக் காளையின் முன்னங்காலை ஒடித்துவிட்டான். வாயில்லா ஜீவனை அடித்த கைக்கு யாரும் பரிந்து பேச முடியாது. சின்னையனும் பேசவில்லை, கொடுவாளோடுதான் வந்தான். கழுத்துக்கு வந்த வீச்சைக் கையால் தடுத்ததில் விரல்கள் போயின. அங்கப்பன் இடது கையில் அகப்பட்ட கல்லால் சின்னையனின் தாடையில் ஓங்கி அறைந்தான். எலும்பு முறிந்த சத்தம் மேட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டதாம். சின்னையனின் முகம் அதற்கப்புறம் ஒரு பக்கமாகவே நின்றுபோனது.

எட்டாம் நாள் ஊர்க்கூட்டம் கூடியது. சின்னையனின் அப்பாதான் அப்போது ஊர்க்கவுண்டர். மகனுடைய உடைந்த தாடையைப் பார்த்துக்கொண்டு நியாயம் சொல்ல உட்கார்ந்திருக்கிற மனுஷன் என்ன சொல்லிவிடுவார்? அங்கப்பனை ஊரைவிட்டே தள்ளப்போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கைக்கட்டில் ரத்தம் கசிய எழுந்து நின்ற அங்கப்பனுக்குக் காய்ச்சலில் தலை சுற்றியது. யோசித்துப் பேச முடியவில்லை. அதனால் வாயில் வந்ததைச் சொன்னான்.

"காளையோட கால ஒடிச்சது நாந்தானுங்க. அது நொம்பப் பெரிய தப்புங்க."

கூட்டம் அப்படியே அடங்கியது. செம்மநத்தத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுந்ததும் தன் குற்றத்தை முதலில் சொல்கிறவனை, அவன் பேசி முடிக்கிறவரை யாரும் இடைமறிக்கக் கூடாது. தன் குற்றத்தைத் தானே சொல்ல யாருக்கு மனசு வரும்? அதனால் வருஷக்கணக்கில் யாரும் அந்தக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தியதில்லை. அங்கப்பன் தெரியாமல் பயன்படுத்திவிட்டு, கிடைத்த இடைவெளியில் மேய்ந்துபோன சாமையைச் சொன்னான், போன விரலைச் சொன்னான். ஊர் அவனைத் தள்ளவில்லை. இரண்டு பேருக்கும் சமமாகத் தண்டம் போட்டு அனுப்பியது.

வாழ்க்கையில் முதல்முறையாக அவன் கையால் அல்லாமல் வாயால் ஜெயித்திருந்தான். அந்த ருசி அவனை விடவில்லை. அடுத்த பத்து வருஷத்தில், சுற்றுப்பட்டு ஊர்களில் வழக்கென்றால் அங்கப்பனைக் கூப்பிடு என்றாகிவிட்டது. கையெழுத்துப் போடத் தெரியாத ஆள், பேச்சை உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்திருந்தான். முதலில் தன்குத்தம். அதற்கப்புறம் கேட்பு, அதாவது எனக்கு இன்னது வேண்டும் என்பது. கேட்புக்குத் துணையாகச் சாட்சி. சாட்சியையும் கேட்பையும் சேர்த்து முடிகிறதற்கு 'ஏன்னா'. சாட்சி சொல்லிவிட்டு 'ஏன்னா'வை விட்டவன் கயிறில்லாமல் விறகு சுமக்கிறவன் என்பான். எதிராளி சொல்லப்போவதை அவனுக்கு முன்னால் நாமே சொல்லி அடைத்துவிடுவதற்கு வாயடைப்பு என்று பேர். கண்ணீர், கும்பிடு எல்லாம் சேர்ந்தது கால்பிடி. "கால்பிடி கடைசியில வந்தா மரியாதை, முதல்லயே வந்தா பிச்சை" என்று தம்பி முனியப்பனிடம் சொல்லுவான். முனியப்பன் அவனைவிட எட்டு வயது சின்னவன். அண்ணன் சொன்னால் அவனுக்கு அதுதான் சட்டம்.

கரடியூரில் ஒரு பலா மரத்துக்காக இரண்டு பங்காளிக் குடும்பமும் ஆயுதத்தோடு நின்றது. ஒருத்தன் நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அங்கப்பன் நடுவில் புகுந்து, தான் பேச வந்த கட்சியின் குற்றம் ஐந்தையும் உரக்க அடுக்கினான். எதிர்க்கட்சிக்காரன் சொல்ல வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துபோய்க் கொடுவாளைக் கீழே போட்டான். சண்டை போட ஆசையாக வந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

இத்தனை சாமர்த்தியத்திலும் அவன் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓட்டை இருந்தது. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் வட்டத்துக்கு வெளியேதான் உட்காருவார்கள். அவர்கள் வழக்கை ஆண்பிள்ளை யாராவது எடுத்துப் பேச வேண்டும், அவர்கள் பார்த்தது சாட்சியாகாது. அது அவனுக்குக் குறையாகவே படவில்லை. பாதி ஊரின் கண்ணைத் தள்ளிவிட்டு மீதிப் பாதியில் சாட்சி தேடிக்கொண்டிருந்தான் அந்தக் கெட்டிக்காரன்.

1984 தை மாதம் அது நடந்தது. முனியப்பனின் காட்டை ஒட்டி ஒரு காபி எஸ்டேட். உதிர்ந்து கிடக்கும் சில்வர் ஓக் சுள்ளியைப் பொறுக்கிக்கொள்வது ஊர்ப் பெண்களுக்குப் பழக்கம். அந்த வருஷம் புதிதாகச் சின்னத்தம்பி என்று ஒரு வாட்ச்மேன் வந்திருந்தான், மலைக்குக் கீழே சமவெளியைச் சேர்ந்த கீழ்நாட்டுக்காரன். சுள்ளி பொறுக்கியவர்களைக் கம்பால் அடிப்பான், அடிக்கிறபோது சிரிப்பான். அன்றைக்கு முனியப்பனின் பெண்சாதி ஆராயி மட்டும் தனியாகப் போயிருந்தாள். அவள் போட்ட கூச்சல் கேட்டு, காட்டில் வேலையாக இருந்த முனியப்பன் கையிலிருந்த கொடுவாளோடு வேலியைத் தாண்டி ஓடினான்.

அங்கப்பன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காபிச் செடிகளுக்கு நடுவே தண்ணீர் தேங்க வெட்டிய குழிக்குள் சின்னத்தம்பி மல்லாந்து கிடந்தான். தோளில் ஒரு வெட்டு, சதை வாய் பிளந்து கிடந்தது. தலை நசுங்கியிருந்தது. பக்கத்தில் ரத்தமும் மயிருமாக ஒரு பெரிய கல். ஆராயிக்கு உச்சந்தலை பிளந்து, முகம் தெரியாத அளவுக்கு ரத்தம். அவள் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனியப்பனால் பேச முடியவில்லை, குரல் கரகரவென்று வந்தது.

"எல்லாம் நாந்தாண்ணா. நாந்தான் செஞ்சுபோட்டேன்."

ஆராயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ ஊட்டுக்குப் போ!" என்று முனியப்பன் அவள்மேல் பாய்ந்தான். அங்கப்பன் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியை எந்தப் பக்கம் ஓடச் சொல்லலாம் என்பதில் இருந்தது அவன் புத்தி.

முனியப்பன் காட்டுக்குள் போய் ஒளிந்தான். போலீஸ் செம்மநத்தத்துக்கு வந்தது. தேடியவன் கிடைக்காவிட்டால் கிடைத்தவனை அடிப்பது என்று ஒரு நியாயம் அவர்களிடம் இருந்தது. அடுப்பைச் சட்டியோடு உதைத்துக் கவிழ்த்தார்கள். ஆறு ஆண்களை வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு போய், உள்ளங்காலில் லத்தி நாராகிறவரை அடித்தார்கள். ஒரு கிழவர் ரத்தமாகச் சிறுநீர் கழித்தார். அங்கப்பனின் மூன்று விரலையும் பூட்ஸ் காலால் மிதித்துத் திருகி, "எங்கேடா தம்பி?" என்று கேட்டார்கள். அவன் சொல்லவில்லை. ஆனால் தன்னோடு அடிபட்ட ஐந்து பேரின் அலறலைக் கேட்டுக்கொண்டு அவனால் இருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் விட்டார்கள். தவழ்ந்தும் நொண்டியும் காட்டுக்குள் போய் முனியப்பனைக் கண்டுபிடித்தான்.

"சாமி, போலீசுக்கிட்ட மாட்டுனா உன்னைக் கொன்னே போட்டுருவாங்க. வி.ஏ.ஓ.கிட்டப் போயிரலாம். அவரு படிச்ச மனுசன், காது குடுத்துக் கேப்பாரு. முதல்ல தன்குத்தம் வையி. அப்புறம் மத்ததை நான் பேசிக்கறேன்."

"சரிண்ணா" என்றான் முனியப்பன். யாரை நம்பினானோ அவனாலேயே கெட்டான்.

கிராம நிர்வாக அலுவலர் வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். முனியப்பன் கைகட்டி நின்று, அண்ணன் பழக்கியபடியே தொடங்கினான்.

"குத்தம் என்னோடதுங்க. கொடுவாளால வெட்டுனது நாந்தானுங்க. குழியில உழுந்தவன் தலையில கல்லைப் போட்டதும் நாந்தானுங்க."

பேனா சரசரவென்று ஓடி நின்றது. தன்குத்தம் வைத்தாகிவிட்டது, இனி யாரும் இடைமறிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் அங்கப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்புக்கு வந்தான்.

"ஏனுங்க, அந்த வாட்ச்மேன் ஒரு பொம்பளையப் போட்டு மண்டை பொளக்க அடிச்சானுங்க. அதனாலதானுங்க..."

"அதெல்லாம் கோர்ட்டுல சொல்லிக்கோ. எனக்கு இது போதும்" என்று மசிப்பெட்டியைத் தள்ளினார் அவர்.

"இன்னும் முக்காவாசி இருக்குதுங்களே!"

"கட்டை விரலை வை."

முனியப்பன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். படிக்கத் தெரியாத இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனியப்பன் விரலை வைத்தான். வெளியே வேன் வந்து நின்றது.

சேலத்தில் பாக்கியநாதன் என்ற வக்கீலைப் பிடித்தார்கள். அவர் தாளின் நகலைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அங்கப்பன் தன் பேச்சு முறையை அவருக்கு விளக்கினான். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"உங்க ஊர்ல தன்குத்தம்னா பேச்சுக்கு ஆரம்பம். இங்கே அதுக்குப் பேர் ஒப்புதல் வாக்குமூலம். அதோட பேச்சு முடிஞ்சுது" என்றார். பிறகு, "உயிரைக் காப்பாத்திக்க அடிச்சா சட்டத்துல அது குத்தமில்லே. உன் தம்பி தொண்டை கரகரன்னு இருந்ததுன்னு சொன்னியே, அந்தாளு கழுத்தைக் கிழுத்தைப் பிடிச்சானா? பார்த்தவங்க யாராவது உண்டா?" என்று கேட்டார்.

"ஆரும் இல்லீங்க" என்றான் அங்கப்பன்.

வக்கீல் அறைக்கு வெளியே முதல் படியில், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆராயி உட்கார்ந்திருந்தாள். தலையில் ஆறிக்கொண்டிருந்த தையல். அங்கப்பன் அவளைத் தாண்டித்தான் உள்ளே போனான், அவளைத் தாண்டித்தான் வெளியே வந்தான்.

சாட்சி இல்லையென்றால் ஒரு வழிதான் மிச்சம் என்று வக்கீல் சொன்னார். தம்பி அப்படி எதுவும் சொல்லவில்லை, வெற்றுத் தாளில் விரல் வாங்கினார்கள் என்று அங்கப்பன் கூண்டேறிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அவன் சொல் எடுபட்டதற்கு ஒரே காரணம், தனக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொல்கிறவன் என்கிற பேர். அந்தப் பேரைத் தம்பிக்காக எரித்துவிடலாம் என்று முடிவு செய்தான். அதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான். "எந்தம்பி ஒண்ணுமே சொல்லலீங்க. வெறுந்தாள்ல விரல் வாங்கிட்டாங்க" என்றான். வார்த்தை சுத்தமாக வந்தது. வக்கீல் முகத்தில்கூடக் கொஞ்சம் தெளிவு தெரிந்தது.

"பொய்யிங்க!"

எதிர்க்கூண்டிலிருந்து முனியப்பன்தான் கத்தினான். "எங்கண்ணன் எனக்காகப் பொய் சொல்றாருங்க. நான் சொன்னேனுங்க. வெட்டுனதும் நான், கல்லைப் போட்டதும் நான். வேற ஆரும் இல்லீங்க!" கம்பியைப் பிடித்து உலுக்கினான். இரண்டு போலீஸ்காரர்கள் அவனை அமுக்கிப் பிடித்தார்கள், அவன் மோவாய் கம்பியில் இடித்து ரத்தம் வந்தது. அப்போதும் "வேற ஆரும் இல்லீங்க" என்று கத்திக்கொண்டேதான் இருந்தான். பாக்கியநாதன் கேஸ் கட்டை மூடி வைத்துவிட்டார். பத்து வருஷம் கடுங்காவல் என்று தீர்ப்பாயிற்று.

தம்பி ஏன் அப்படிக் கத்தினான் என்று அங்கப்பன் மலையேறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு யோசித்தான். அண்ணன் வாயில் பொய் வரக்கூடாது என்று நினைத்திருக்கிறான், அவ்வளவு நல்லவன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அழுதான். அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. மறுவாரம் கொடுவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீஸ் எதிரே காலையிலிருந்து நின்றான். அவர் வெளியே வந்து, "என்னப்பா, மனு ஏதாவது குடுக்கணுமா?" என்று கேட்டார். அவருக்கு அவன் முகம்கூட நினைவில்லை. வெட்டக்கூட லாயக்கில்லாத அலட்சியம் அது. திரும்பி வந்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் எந்த வழக்கும் பேசவில்லை. கூப்பிட வந்தவர்களை விரட்டினான். அவன் வாயை மூடிக்கொண்ட எட்டு வருஷத்தில் செம்மநத்தத்தில் ஒரு கை போனது, ஒரு வீடு எரிந்தது, தண்ணீர்த் தகராறில் அண்ணன் தம்பி இருவர் ஒரே நாளில் வெட்டிக்கொண்டு செத்தார்கள். அந்தப் பிணங்களைத் தூக்கிய நாலு பேரில் அங்கப்பனும் ஒருவன்.

1992-இல் நன்னடத்தைச் சலுகையில் முனியப்பன் வெளியே வந்தான். பல் பாதி இல்லை, முதுகு வளைந்திருந்தது. கொலைக்கு ஜெயிலுக்குப் போனவனை ஊர் மறுபடி ஏற்றுக்கொள்ளக் கூட்டம் கூட வேண்டும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டார்கள், செத்தால் தூக்கவும் ஆள் வராது. இப்போது ஊர்க்கவுண்டர் சின்னையன், கோணிய தாடையோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். தம்பிக்காகப் பேச அங்கப்பன் எழுந்தான். எட்டு வருஷம் கழித்து வாய் திறந்ததால் குரல் உடைந்துதான் வந்தது.

"அந்த வாட்ச்மேனக் கொன்னது எந்தம்பிதானுங்க. அது பெரிய குத்தந்தானுங்க..."

"நிறுத்துங்க மாமா!"

ஆராயி வட்டத்துக்குள் வந்துவிட்டாள். செம்மநத்தத்தில் எந்தப் பெண்ணும் மிதிக்காத இடம் அது. கூட்டம் கொதித்தது. ஒருத்தன் பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். முனியப்பன் அவன் மூக்கில் விட்ட குத்தில் ரத்தம் பீறிட்டது. மறு நொடி முனியப்பனே ஆராயியின் வாயைப் பொத்தினான். "சொல்லாதே, சொல்லாதே" என்று கெஞ்சினான். அவள் அவன் உள்ளங்கையைப் பல் பதியக் கடித்தாள்.

"கையை எடுங்க. எட்டு வருசம் மூடுனது போதும்." அவள் உதட்டில் அவன் ரத்தம். "கல்லைப் போட்டது இவரில்லே. நானு. தோள்ல வெட்டு வாங்கியும் அவன் உழுவலே. இவரு கழுத்தை ரெண்டு கையிலயும் புடிச்சு நெரிச்சான். கொடுவா கீழே உழுந்துபோச்சு, இவருக்குக் கண்ணு சொருகிப்போச்சு. நான் அவனைக் குழிக்குள்ள தள்ளி உட்டேன். எந்திரிச்சு மறுக்கா வந்தான். கல்லைத் தூக்கிப் போட்டேன். போடலீன்னா அன்னைக்கு இவரு பொணந்தான்."

அவள் அங்கப்பனைப் பார்த்துத் திரும்பினாள்.

"என்னையும் தூக்கி உள்ளே போட்டுருவாங்க, புள்ளைக்கு ஆருன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஆனா லாயர் கேட்டாரே மாமா, பாத்தவங்க உண்டான்னு. படியில உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். 'அம்மிணி, நீ என்ன பாத்தே'ன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சத்தியமாவது ஒண்ணாவதுன்னு சொல்லியிருப்பேன்."

உயிரைக் காப்பாத்த அடிச்சா குத்தமில்லே என்று வக்கீல் சொன்னது அங்கப்பனுக்கு ஒவ்வொரு எழுத்தாக ஞாபகம் வந்தது. பத்து வருஷத் தண்டனையைத் தடுத்திருக்கக்கூடிய சாட்சி, தலையில் தையலோடு அவன் காலடியில்தான் உட்கார்ந்திருந்தது. தம்பி கம்பியைப் பிடித்துக் கத்தியது அண்ணனின் பேருக்காக இல்லை, இவளுக்காக. பேச்சுக்கு இத்தனை உறுப்பு, இத்தனை பேர் என்று கண்டுபிடித்தவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் தன் வாயிலேயே மூன்று விரல் கையால் அறைந்துகொண்டான். உதடு கிழிந்தது.

சின்னையன் கையை உயர்த்தினார். "பொம்பளை பாத்தது சாட்சியாகுமாப்பா? இத்தனை வருசம் வழக்குப் பேசுனவன், நீயே சொல்லு."

அங்கப்பன் உதட்டு ரத்தத்தைத் துடைத்தான்.

"குத்தம் என்னோடதுங்க. சாட்சி கண்ணு முன்னால இருந்துச்சு, நான் கேக்கலீங்க. எந்தம்பி எட்டு வருசம் உள்ள கெடந்தது என்னாலதானுங்க."

தன் குற்றத்தைச் சொன்னவனை இடைமறிக்கக் கூடாது. கூட்டம் வாயை மூடிக்கொண்டு அவன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தது. அங்கப்பன் பின்னால் நகர்ந்து வட்டத்துக்கு வெளியே போனான். பெண்கள் உட்காரும் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தான்.

"எம்பேச்சு இன்னும் முடியலீங்க. மீதிய அம்மிணி பேசும்."

பல்லைக் கடித்தவர்கள் இருந்தார்கள், கொடுவாள் பிடியைத் தடவியவர்களும் இருந்தார்கள். ஆனால் யாரும் எழவில்லை. ஆராயி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்குச் சுள்ளி பொறுக்கப் போனதிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.